கற்படுக்கை

மாட்டுத்தாவணியில் தொடங்கிய சண்டை
அரிட்டாபட்டி விலக்கில் இறங்கியபோதும் முடியவில்லை.
தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்றுதான்;
தனித்தனியாக வாசித்தோம்.

குகைக்குள் சமணர் படுக்கைகள்.
தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடு.
எல்லாம் ஒருவர் படுக்கும் அகலம்,
துறந்தவர்களுக்கு வெட்டியதில்லையா.
நீ ஒன்றில் சாய்ந்தாய், செருப்போடு.
நான் அடுத்ததில்.
நடுவே நாலு விரல் கல்.

வெளியே பாறை கொதித்தது.
ஒரு வல்லூறின் நிழல்
சுனைத்தண்ணீரில் விழுந்து
நனையாமல் போனது.
"கல்லு குளிருதுல்ல" என்றாய்,
யாரிடமென்று சொல்லாமல்.

தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிட்டேன்
வரம்பு தாண்டி.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு
மூடி திருகும் சத்தம்.