எதில் சேர்ப்பது

நெரினா கோசுத்தாவின் தாள்கள்
பதினேழு அட்டைப் பெட்டிகளில் வந்தன.
பன்னிரண்டில் ஆரஞ்சு வாசனை.
பழக்கடைப் பெட்டிகள் என்பதைப்
பிறகுதான் கவனித்தேன்.

கொண்டுவந்தவர் தங்கை மகன்,
ட்ரியெஸ்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
"சித்தப்பாவை எனக்கு ஞாபகம் இல்லை,
பெரியம்மா சத்தமாகத் தும்முவாள்" என்றார்.
ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கப்பல் காத்திருக்கிறதென்று போய்விட்டார்.

என் வேலை லேசானது.
ஒவ்வொரு தாளையும் தொழில் அல்லது சொந்தம்
இரண்டில் ஒன்றில் சேர்க்க வேண்டும்.
மூன்றாவது கிடையாது.
அலமாரி அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

ஒப்பந்தங்கள் தொழில்.
ஸாக்ரெப், கிராட்ஸ், பலேர்மோ,
பருவத்துக்கு ஆறு மேடை,
காலணி பாடகியின் செலவு.
காலணி ரசீதைச் சொந்தத்தில் போட்டேன்.
அப்புறம் எடுத்தேன்.
அதைப் போட்டு நடந்தவள்
மூன்றாம் அங்கத்தில் விஷம் குடிக்கிற ராணி.

சுங்கத் தாள் ஒன்றில்,
'மனித முடி, ஒன்றரைக் கிலோ,
விற்பனைக்கு அல்ல.'

இசைத்தாள்களின் ஓரமெங்கும்
பென்சிலில் சின்னச் சின்னக் கொக்கிகள்.
இங்கே மூச்சு.
இங்கே திருட்டு மூச்சு.
ஒரே ஓரிடத்தில்,
'இங்கே எடுக்காதே, அவன் வந்திருக்கிறான்.'
மூச்சு தொழிலா, சொந்தமா?
தொழில் என்று எழுதிவிட்டுச்
சாப்பிடப் போனேன்.

குரல் மட்டும் எந்தப் பெட்டியிலும் இல்லை.
இசைத்தட்டு இல்லை, ஒலிநாடா இல்லை.
கேட்டவர்கள் எழுதியது உண்டு.
கருந்தேன் என்கிறார் ஒருவர்,
செம்புப் பாத்திரம் என்கிறார் இன்னொருவர்.
உள்ளூர்ப் பத்திரிகை
நல்ல உயரம் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

ஒன்பதாம் பெட்டியில்
தொண்டை மருத்துவர் ப்ரெகாந்தின் கடிதம்.
ஐம்பத்தேழு, பிப்ரவரி.
குரல் நாணில் தினையளவு முடிச்சு.
நாற்பது நாள் பேசக் கூடாது.
முணுமுணுப்பதும் பேச்சே.

அதற்கு அடியில் நீலக் கோட்டுக் கணக்கு நோட்டு.
அந்த நாற்பது நாளும்
அவள் எழுதிக் காட்டியது அத்தனையும்.
எதிரே இருந்தவன் வாயால் பேசினான்,
அவன் பாதி அன்றைக்கே காற்றோடு போயிற்று.

*உப்பு போதும்.*
*ஜன்னலைச் சாத்து, போரா அடிக்கிறது.*
*யார் சொன்னது?*
*அவள் அப்படிப்பட்டவள் இல்லை.*
*மெதுவாகப் பேசு. தொண்டைதான் கெட்டிருக்கிறது, காது இல்லை.*
*எவ்வளவு நாளாக?*

அடுத்த தாளில் எழுத்தில்லை.
பென்சில் முனை ஒடிந்த இடத்தில் கிழிசல்.
அதற்கடுத்ததில்,

*என்னால் கத்த முடியாதென்று தெரிந்துதானே*
*இந்த மாதத்தைப் பார்த்து எடுத்தாய்.*

பிறகு, ஒரே கையெழுத்தில், நிதானமாக,

*குடை எடுத்துக்கொண்டு போ.*
*அது ஓட்டை. நல்லதை எடு.*

மறுநாள் பால்காரனிடம் நீட்டியிருக்க வேண்டும்,

*இனி அரை லிட்டர்.*

வாசகர் அறையில் யாரும் இல்லை.
கடைசித் தாள்களை வாய்விட்டுப் படித்தேன்.
என் குரல் எதற்கும் பொருந்தவில்லை.
மேலதிகாரி ஃபுல்வியா எட்டிப் பார்த்தார்.
மருத்துவர் சொல்லி எழுதியது, அப்போது தொழில்தானே?
ஆனால் இது, என்று ஆரம்பித்தேன்.
"எத்தனை தாள்?"
அறுபத்திரண்டு.
"எண்ணிப் போட்டாயிற்று இல்லையா, வை."

நாற்பத்தோராம் நாள் முதல்
நோட்டு வெற்றுத்தாள்.
வாய் திறந்துவிட்டாள்.
ஏப்ரலில் கிராட்ஸ் மேடையில் பாடியதற்கு
நிகழ்ச்சித் தாள் இருக்கிறது.
அந்த இரவைப் பற்றி
இந்தக் கட்டிடத்தில் வேறொன்றும் இல்லை.

பதினாறாம் பெட்டியைப் பிரித்தபோது
ஒப்பந்தங்களுக்கு நடுவே
பால் ரசீதுகள், மாதம் தவறாமல்,
எண்பத்து மூன்று வரைக்கும்,
அரை லிட்டர், அரை லிட்டர்.
தொழில் கட்டில் அவளே வைத்துக்
கயிறு போட்டிருந்தாள்.

நான் முடிச்சை அவிழ்க்கவில்லை.