அறுபத்திரண்டு பாகை

ஜனவரியில் ஒஸ்டர்சுண்டில் விடிய
ஒன்பது மணி தாண்டிவிடும்.
அதற்குள் பதினொரு தலைகளைப் பார்த்து முடித்திருந்தேன்.
பன்னிரண்டாவது ஹால்வார் நேசேனுடையது.

முப்பது குளிர்காலம்
ஸ்டூர்ஷோன் ஏரியைத் துளையிட்டு அளந்தவர்.
இத்தனை சென்டிமீட்டர், கார் போகலாம்.
இத்தனைதான், லாரி கூடாது.
வழி நெடுகக் குச்சி நட்டு
தீவுக்காரர்களைக் கரை சேர்த்தவர்.
இப்போது குளியலறை வாசலில்
கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதாம்.
"வழுக்கவில்லை, ஒட்டுகிறது":
பரிந்துரைச் சீட்டில் அவர் வார்த்தையை
அப்படியே எழுதியிருந்தார் ஊர் டாக்டர்.

நடை, நீர், நினைவு.
இந்த நோய்க்கு அவ்வளவுதான் அகராதி.
முதலில் நடை.
பிறகு நீர்: அவர் எழுவதற்குள் அது எழுந்துவிடும்.
காரின் முன்னிருக்கையில் குன்வோர்
ரப்பர் விரிப்புப் போட்டது போன கோடையில்.
நினைவைப் பற்றிக் கேட்டால்
மறதி இல்லை என்கிறாள், தாமதம் என்கிறாள்.
கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தால்
பதில் பாத்திரம் கழுவும்போது வருமாம்.

திரையில்,
உச்சியில் மூளையின் மடிப்புகள்
மழைக்கு ஒதுங்கிய கூட்டமாய் நெருக்கியடித்து நிற்கின்றன.
பக்கத்துப் பிளவுகளோ வாய் பிளந்து கிடக்கின்றன.
நடுவில் இரண்டு அறைகள்,
நீர் கோத்து, உப்பி, கறுத்து.
வெறும் மூப்பு என்றால்
உச்சியிலும் இடைவெளி விழுந்திருக்கும்.
அங்கே நகம் நுழைய இடமில்லை.

படத்தைச் சாய்த்து, நேர்க்குத்தாக வெட்டி,
அறைகளின் கூரைகள் சேரும் இடத்தில்
இரண்டு கோடு இழுத்தேன்.
அறுபத்திரண்டு பாகை.
தொண்ணூறைத் தாண்டியிருந்தால்
காபி எடுக்கப் போயிருப்பேன்.

போகாமல், பழைய படம் உண்டா என்று தேடினேன்.
உண்டு.
மூன்று வருடம் முன்பு, படியில் விழுந்த இரவு, சி.டி.
எலும்பு முறிவு இல்லை.
ரத்தக்கசிவு இல்லை.
"மூளைச் சுருக்கம், வயதுக்கேற்றது."
கையொப்பம்: நான்.

வயதுக்கேற்றது.
எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் அதை,
விருந்தாளிக்கு ஏற்கெனவே சாயம் போன துண்டை
எடுத்துக் கொடுப்பது மாதிரி.
இப்போது அளந்தேன். எழுபத்தேழு.
அன்றும் இருந்தது அந்தக் கோணம்.
அளக்காமல் அவர் ஒருநாளும்
ஏரியைத் திறந்துவிட்டதில்லை.

படம் தீர்ப்புச் சொல்லாது; கை காட்டும்.
வியாழக்கிழமை முதுகில் ஊசி போட்டு
நாற்பது மில்லி எடுத்தார்கள்,
அரைக் கோப்பைகூட இல்லை, தெளிந்த தண்ணீர்.
அதற்கு முன் பத்து மீட்டருக்கு முப்பத்தொரு அடி.
மதியம் பத்தொன்பது.
திரும்புகிற இடத்தில்
குன்வோரின் தோளைத் தேடிய கை
பாதியில் நின்று கீழே இறங்கியது.

இதைப் பார்க்க நான் கீழே போயிருக்க வேண்டியதில்லை.
படம் பார்க்கிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை.
போனேன்.

"மூன்று வருடம் முன்பே தெரிந்திருக்குமா?"
குன்வோர்தான் கேட்டாள்.
தெரிந்தது, நான் பார்க்கவில்லை என்றேன்.
அவள் கையுறையை மாட்டத் தொடங்கினாள்,
விரல் விரலாக.
ஐந்தாவது விரல் வரை யாரும் பேசவில்லை.

ஹால்வார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஏரி இப்போது எத்தனை சென்டிமீட்டர்?"
என்னிடம்தான்.
தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

குழாய் வைக்கும் அறுவைக்கு
ஏப்ரல் கடைசியில்தான் இடம்.
தேதிச் சீட்டை அவள் பைக்குள் வைத்து,
மேல்கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டு,
லிஃப்ட் வந்து, கதவு திறந்தபின்
அவர் பதில் வந்து சேர்ந்தது.
"கேட்காதே. துளை போடு."

மேலே வந்து பழைய அறிக்கையைத் திறந்தேன்.
பின்சேர்க்கை, இன்றைய தேதி,
எழுபத்தேழு பாகை.
ஏப்ரல் கடைசியில் ஏரியில்
நடக்கிற அளவு பனி இருக்காது.