ரெய்டு பூஜ்யம்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
தார்த்து நகரத்து ஆற்றின் மேல் நாய்கள் நடக்கின்றன.
நான்காம் மாடியில்
ஹெய்த்தி கணினியின் பக்கத்தகட்டைக் கழற்றி
சுவரோரம் சாய்த்துவைத்து மூன்று நாளாகிறது.

நான்கு ஹார்ட் டிஸ்க்குகள்.
இரண்டு புதிது, ஒரே பெட்டியில் வந்தவை.
ஒன்று மைத்துனனுடையது, திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியது.
நான்காவது, மூடிப்போன வங்கிக் கிளையின் ஏலத்தில்
ஒரு நாற்காலியோடு சேர்ந்து கிடைத்தது.
நாற்காலி ஆடும்.
டிஸ்க் ஆடாது என்று நம்பினான்.

காரணம் ஒரு மணப்பெண்.
மூன்று காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைக்கும் இடத்தில்
அவள் சுழற்சி பாதியில் நின்றுவிடுகிறது.
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்,
திரைக்கு மூச்சு வாங்குகிறது.
சரி, துண்டாக்கு.
நான்கிலும் பகிர்ந்து எழுது.
நான்கு வாயால் ஒரே நேரத்தில் வாசி.

துண்டின் அளவில்தான் இருக்கிறது சூட்சுமம்.
பதினாறு கிலோபைட்: முள்கள் அங்குமிங்கும் ஓடிக் களைத்தன.
இருநூற்றைம்பத்தாறு: ஒன்று உழைக்க, மூன்று வேடிக்கை பார்த்தன.
ஒவ்வொரு முறையும் அழித்து, அடுக்கி, அளந்து,
கிடைத்த வேகத்தைப் பென்சிலால் அலமாரியின் பக்கவாட்டில்,
லீவி எழுதிய உருளைக்கிழங்குக் கணக்குக்குக் கீழே எழுதினான்.
அறுபத்து நான்கில் பெண் சுழன்றாள்.
முழுதாக ஒரு சுற்று.
பிறகு இன்னொன்று.

ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சம்.
நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று என்று
நான்கின் நெற்றியிலும் எழுதியிருக்கிறது;
ஒன்று கொஞ்சம் பொய் சொல்கிறது.
ஏறி இறங்கி ஏறும் அந்த அலையை
சைக்கிள் ட்யூபை வெட்டித் தொட்டில் கட்டி அடக்கினான்.

ரொட்டித் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குக் கிளம்பிய லீவி
ஒரு பூட்ஸை மாட்டியபடி கேட்டாள்:
"ஒன்று போனால்?"
"நான்கும் போகும்."
"இந்த ஏற்பாட்டுக்கு என்ன பேர்?"
"பூஜ்யம்."
அவள் மறு பூட்ஸை மாட்டினாள்.

என் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம்:
ஒன்றுமில்லாதது,
கும்பிடத் தகுந்தது.
இதை ஹெய்த்தியிடம் சொல்ல அங்கே யாருமில்லை.
அவனும் கேட்கும் நிலையில் இல்லை,
வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றேகால் மணி. எழுபத்தொரு சதவீதம்.
வங்கி டிஸ்க் ஒரு முறை சொடுக்கியது.
கணக்கு இடிக்கிற காசாளன் போல
மறுபடி, மறுபடி எண்ணிப் பார்த்தது.
பிறகு எண்ணவில்லை.

மற்ற மூன்றும் நலம்.
மணப்பெண்ணின் முக்கால் பங்கு அவற்றில் இருக்கிறது,
எந்த முக்கால் என்று
எதனாலும் சொல்ல முடியாது.

நாடாக்கள் இருந்தன, ஷூ பெட்டியில், ஆறு.
நாடாவுக்கு ஒரே வேகம்தான் தெரியும்:
ஒரு மணி நேரக் கல்யாணத்தை ஏற்ற
ஒரு மணி நேரம்.
மிஞ்சிய மூன்றை மறுபடி அடுக்கினான்
(துண்டு அறுபத்து நான்கு; கை தானாகப் போயிற்று).
நொடிக்கு நூற்றைம்பது மெகாபைட் விழுங்கத் தெரிந்தவை
மூன்றரையை நக்கிக்கொண்டு சும்மா சுற்றின.

வேறு வேலை இல்லாததால் பார்த்தான்,
இரண்டு வாரம் வெட்டியும் ஒட்டியும் பார்க்காததை.
மாப்பிள்ளையின் அப்பா
தோளெல்லாம் பனியோடு மூன்று முறை உள்ளே வருகிறார்.
வண்டி உறைந்துவிடாமல் இருக்க
வெளியே போய் எஞ்சினை ஓட்டிவிட்டு வருகிறார் போல.
யாரும் கேட்கவில்லை.
பாட்டுக்காரன் ஒரு வரியை மறந்து இருமலாக்குகிறான்.
மேசைக்கு அடியில் மணப்பெண்
ஒரு செருப்பைக் கழற்றிவிடுகிறாள்.

ஏழு மணிக்கு லீவி வந்தாள்,
கோட்டுக்குள் கம்பு ரொட்டியின் சூட்டோடு.
எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை,
தொட்டில்களில் ஒன்று காலியாகத் தொங்கியது.
"மறுபடியும் பூஜ்யமா?"
"நாடா இருக்கிறதே."
அவள் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான்காவது நாடா, இன்னும் நாற்பது நிமிடம்.
மணப்பெண் இன்னும் அந்தச் செருப்பைக்
காலாலேயே துழாவிக்கொண்டிருந்தாள்.
"இடது பக்கம்," என்றாள் லீவி,
திரையைப் பார்த்து.