தொட்டியில் கெண்டை

டிசம்பர் இருபத்து நான்கு, மாலை நாலு மணி.
வூட்ச் நகரம் அதற்குள் இருட்டிவிட்டது.
முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு.
போலந்து முழுக்க இன்று
பசித்த பிள்ளைகள் சன்னலில் மூக்கை ஒட்டி நிற்கும்.
நான் வானத்தைப் பார்ப்பதில்லை.
ஏழாம் பிளாக், இரண்டாம் படிக்கட்டு,
பத்து வீடும் இருட்டு என்று
குடியிருப்புச் சங்கத்திலிருந்து போன்.

ஒவ்வொரு கதவிலும் நின்று மோந்தபடி ஏறினேன்.
பீட்ரூட் சூப். வறுத்த வெங்காயம். கசகசா.
நாலாம் மாடியில்
இது எதுவுமில்லாத ஒரு வாடை:
பிளாஸ்டிக் தன் வடிவத்தை மறக்கும்போது வருமே, அது.

கதவைத் திறந்தவர் இரெனேயுஷ்.
டை கட்டியிருந்தார், கையில் மெழுகுவத்தி.
"எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை."
அப்படிச் சொல்பவர் வீட்டில்தான்
நான் முதலில் பூட்ஸைக் கழற்றுவேன்.

கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினேன்.
ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வாலைக் கடித்தபடி இன்னொன்று,
அதன் வாலில் மூன்றாவது.
சுருட்டிய வயர் பிரிக்காமல் கிடந்தது,
மேலே ஆள் நடந்து நடந்து நசுங்கி.
ஹீட்டர், அடுப்பு, சன்னலில் தேவதூதன்,
மரத்தில் சீரியல் செட்,
எல்லாம் சுவரின் ஒரே துளையில்.
ஒரு மாட்டில் ஊரே பால் கறந்தால்?

செட், எழுபத்தெட்டாம் வருடத்தது.
கண்ணாடிக் காளான்கள், கூம்புகள், ஒரு கோமாளி முகம்.
"என் வயதில் பாதிக்கு மேல் எரிகிறது, ஒன்றும் ஆனதில்லை."
மூன்றாவது காளானைத் திருகி எடுத்தேன்.
அடியில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள்,
நாலாய் மடித்து, அத்தனை நேர்த்தியாக.
இன்னும் மூன்று இடத்திலும் அதே கைவண்ணம்.
இருபது பேர் தூக்கிய பல்லக்கைப்
பதினாறு பேர் தூக்கினால்
தோள் சுடாதா, அய்யா?
அந்தப் பக்கத்து மர ஊசிகள்
தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன.

பஞ்சாலைகளால் எழுந்த ஊர் இது,
பஞ்சையும் நெருப்பையும் பற்றி உங்களுக்கா சொல்ல வேண்டும்
என்று வாயெடுத்தேன்.
அவர் தங்கை லெயோகாடியா,
டிராம் ஓட்டும் சீருடையை இன்னும் மாற்றாதவள்,
"குளியலறையையும் பார்த்துவிடுங்கள்" என்றாள்.

தொட்டியில் கெண்டை.
நேற்றே வெட்டியிருக்க வேண்டியது.
அவள் மகள் நேலா, ஏழு வயது,
அதற்குப் பேர் வைத்துவிட்டாள்: மேனேஜர்.
பேர் வைத்த மீனை யார் வெட்டுவது?
மேனேஜருக்கு மூச்சு முட்டக் கூடாதென்று
மாமா வைத்த காற்றுப் பம்பு.
மேனேஜருக்கு இருட்டு பயமென்று
நேலா தானே கட்டிய விளக்குச் சரம்,
ஷவர் கம்பியிலிருந்து தொங்கி
கடைசி இரண்டு பல்பு
தண்ணீரைத் தொட்டும் தொடாமலும்.
நாலாவது பெட்டி, தொட்டியின் விளிம்பில்.
நேலாவின் சட்டைக் கை
முழங்கை வரை ஈரம்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலை.
அப்போது பேசினால் என் குரல் என்ன ஆகும் என்று தெரியும்.
கரண்டு இல்லையென்று தெரிந்தும்
டெஸ்டரை வைத்தேன், மறுபடியும் வைத்தேன்,
பிறகு பிடுங்கினேன்.

சீரியல் செட்டுக்கு இடுக்கியால் ஒரே கடி.
பிளக் என் உள்ளங்கையில்.
"மரத்தில் இருக்கட்டும், எரியாமல்."
இரெனேயுஷ் பதில் சொல்லவில்லை.

"மேனேஜருக்கு?" என்றாள் நேலா.
தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, மூச்சு விடும்.
இருட்டுக்கு?
நாலு மாடி இறங்கி
என் சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றி
நாலு மாடி ஏறினேன்.
சிவப்பு, இரண்டு பேட்டரி, மழைக்கு அஞ்சாதது.
கெண்டை கொஞ்ச நேரம் அசையாமல் யோசித்தது.
பிறகு சிவப்பாக நீந்தியது.

மேசையில் கூடுதலாக ஒரு தட்டு,
எதிர்பாராமல் வருபவருக்கு, வழக்கப்படி.
லெயோகாடியா நாற்காலியை இழுத்தாள்.
இன்னும் மூன்று இடத்திலிருந்து போன் வந்திருந்தது.
நின்றபடியே ஒரு பியரோகியைத் தின்றேன்,
நாக்கு சுட்டது.

அடித்தளத்தில் ஃபியூஸை மாற்றி,
நெம்புகோலை ஏற்றி, காதைத் தீட்டிக்கொண்டு
மூன்று வரை எண்ணினேன்.
மேலே யாரோ கை தட்டினார்கள்.
நட்சத்திரத்துக்காகவும் இருக்கலாம்.

பின்விளக்கில்லாத சைக்கிளைப்
பனியில் தள்ளிக்கொண்டே போனேன்.
கோட்டுப் பையில் அந்த பிளக்.
அதன் ஒரு கால் கறுத்திருந்தது.
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
போகவில்லை.