சுவரொட்டி, அறுபது கிராம்

மாதவரம் பால்பண்ணைச் சாலையில்
தண்ணீர் லாரிகள் கிளம்பும் நேரம்
நான் மூத்திரம் அளந்துகொண்டிருப்பேன்.
பன்னிரண்டு செம்மறிகள், பன்னிரண்டு கூண்டுகள்.
கீழே சல்லடை, அதன் கீழே புனல்,
புனல் வாயில் அமிலம் ஊற்றிய புட்டி.
அமிலம் இல்லாவிட்டால் அம்மோனியா பறந்துவிடும்.
பறந்தது கணக்கில் வராது.

ஆறு ஆடுகளுக்கு
வைக்கோல்மேல் யூரியாக் கரைசல், கொஞ்சம் வெல்லப்பாகு.
முதல் இரைப்பையின் இருட்டில்
கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த உப்பைப் பிரித்து
தம்மையே புரதமாகக் கட்டிக்கொண்டு
அடுத்த அறைக்கு வழுக்கிப்போய்ச் செரிபடும்.
ஆடு வைக்கோல் தின்கிறது என்கிறோம்.
ஆடு தின்பது
தன் வயிற்றில் குடிவைத்த ஊரை.

ஒரு கைப்பிடி கூடினால் போச்சு.
கால் நடுங்கும், நுரை தள்ளும்.
அதற்காகவே ஏசுபாதம்
ஜன்னலோரம் ஒரு கேன் வினிகர் வைத்திருக்கிறார்.
"ஊறுகாய் போடவா?" என்று கேட்ட மாணவர்களுக்கு
அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

மற்ற ஆறுக்கும் வெறும் வைக்கோல்.
பதினொன்றாம் எண் அந்த ஆறில் ஒன்று,
மெட்ராஸ் சிவப்பு, இடது காதில் கிழிசல்.
அதன் புட்டியில் எப்போதும் யூரியா குறைவு.
வெளியே விட மனமில்லாமல்
ரத்தத்திலிருந்து எச்சிலுக்கு,
எச்சிலிலிருந்து மறுபடி இரைப்பைக்கு
கொண்டுவந்து சேர்த்துவிடும்,
மே மாதம் துணி அலசிய தண்ணீரைப்
பக்கெட்டில் பிடித்துவைக்கும்
எங்கள் கொளத்தூர் வீடு மாதிரி.
அப்படியும் இருப்புக் கணக்கு கழித்தல் குறியில்தான்.
தன் தசையைத் தானே
சில்லறையாக மாற்றிக்கொண்டிருந்தது.

சேகரிப்பின் நான்காம் நாள்
தாழ்ப்பாளைத் தலையால் தட்டிவிட்டுப் போய்விட்டது.
டீக்கடைச் சுவரில்
யாருடையதோ கண்ணீர் அஞ்சலியை
மென்றுகொண்டிருந்தது.
"அன்னாரது" வரைக்கும் முடித்து,
அடியிலிருந்த பழைய மஞ்சள் நீராட்டு விழாவையும்
கொஞ்சம் உரித்திருந்தது.
சுவரில் மிச்சம் நெற்றியும் ஒரு கண்ணும்.
குணபூஷணம், லாரி உதிரி பாகம் விற்றவர்,
ஐம்பத்தெட்டு வயசு, என்றார் டீக்கடைக்காரர்.
ஒருநாளும் கடன் சொன்னதில்லையாம்.

"அந்த நாளை அடிச்சிடுங்க" என்றார் பேராசிரியை.
ஒரு நாளை எப்படி அடிப்பது?
தின்ற பரப்பை ஸ்கேலால் அளந்துகொண்டு
ராத்திரி மூலக்கடை மேம்பாலத் தூணுக்குப் போனேன்.
அதே முகம். சமையல் கத்தியால் சுரண்டினேன்.
பூக்கூடையோடு ஒரு பெண் நின்று,
"உங்களுக்குச் சொந்தமாம்மா?" என்றாள்.
நைட்ரஜன் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆமாம் என்றேன்.
ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனாள்,
காசு வாங்காமல்.

கந்தக அமிலத்தில் கொதிக்கையில்
முகம் முதலில் கறுத்தது,
பிறகு தேன் நிறம்,
பிறகு எதுவுமே போடாத மாதிரித் தெளிவு.
வடித்து எடுத்ததில் போரிக் அமிலம் பச்சையானது.
சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சிவப்பு.
நிறுத்து.

காகிதத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை.
இருந்ததெல்லாம் மைதாப் பசையில்,
கால் கிராம்கூட இல்லை.
ஆனாலும் பதினொன்றுக்கு அன்று
கழித்தல் குறிக்குப் பின்னால் எண் சிறுத்திருந்தது.
எவ்வளவு என்பது பட்டியலில் இருக்கிறது.
எதிலிருந்து என்பதும்.
வைக்கோல், நானூற்றுப் பன்னிரண்டு.
சுவரொட்டி, அறுபது.

பேராசிரியை சிவப்பில் வட்டம் போட்டார்.
அடிக்கவில்லை.

எல்லாம் முடிந்த அன்று
பதினொன்றுக்குக் கடலைப் பிண்ணாக்கு வைத்தேன்.
மோந்து பார்த்தது.
பிறகு கழுத்தை நீட்டி
என் கையிலிருந்த பதிவேட்டின் ஓரத்தைக்
கவ்வியது.