நின்றுபோன மணிகள்

புன்டா அரீனாஸில் காற்று
கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும்.
எட்டாம் கட்டிலில் மட்டும் எல்லாம் மெதுவாக:
மணிக்கு இருபது மில்லி.

எலெயுதேரியோ, நண்டுப் படகின் சமையல்காரர்.
ஆடுகிற அடுப்பில்
பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டவர்.
இப்போது மூக்கு வழியே ஒரு குழாய்
நாக்கைக் கேட்காமல் இறங்குகிறது.

"என்ன ருசி அது?" என்றாள் மகள் நொயெமி.
ஒருமுறை விரலில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
சுண்ணாம்பு. எங்கோ தூரத்தில் வெனிலா.
"பால் மாதிரி" என்றேன்.

மறுநாள் ஃபிளாஸ்கில் நண்டு சூப் கொண்டுவந்தாள்.
குழாய் அடைத்துக்கொள்ளும் என்றேன்.
மூடியைத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தாள்,
குழாய் இல்லாத துவாரத்தின் பக்கம்.
மூச்சு வேறு வழியாகப் போகிறது என்று
நான் சொல்லவில்லை.

என் வேலை கணக்கு.
எடைக்கு இவ்வளவு, காய்ச்சலுக்கு இவ்வளவு,
ஆயிரத்து எண்ணூறு கலோரி என்று எழுதுவேன்.
ஸ்கேனுக்கு நிறுத்துவார்கள்.
புரட்டிப் படுக்கவைக்க நிறுத்துவார்கள்.
வராத அறுவை டாக்டருக்காக
நள்ளிரவிலிருந்து நிறுத்தி வைப்பார்கள்.
பிறகு திறக்க மறப்பார்கள்.
மாலையில் கூட்டினால் எழுநூறு.
பட்டினி என்று யாரும் எழுதவில்லை;
கோப்பில் எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்தது.
அவர் தொடை மட்டும் நாளுக்கு நாள்
கட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் சண்டை போட்டேன்.
நின்ற மணிகளைச் சிவப்பு மையில் எழுதி
பம்ப்பின் நெற்றியில் ஒட்டினேன்.
ராத்திரிகளில் கடனை வசூலித்தோம்,
நர்ஸ் கிரிசல்தாவும் நானும்:
நாற்பது, அறுபது, எண்பது,
தலைமாட்டை உயர்த்தி,
வயிறு உப்புகிறதா என்று தடவித் தடவி.

ஒன்பதாம் நாள் விடியலில் போனில் திட்டினாள்:
"மூன்றாவது தடவை விரிப்பு மாற்றுகிறேன்!"
வெட்கமில்லாமல் சிரித்தேன்.
ஒரு வாரமாக அசையாத குடல்
வேலைக்குத் திரும்பிவிட்டது.

சுவாசக் குழாயை எடுத்த பின்
நீலச் சாயத் தண்ணீரில் இருமினார். தோல்வி.
நான்கு நாள் கழித்து,
கெட்டியாக்கிய தண்ணீர், கால் ஸ்பூன்.
தொண்டை ஏறி இறங்கியது.
நொயெமி என் கையை நசுக்கினாள்.
அவர் முகத்தைச் சுளித்தார்.
தேய்ந்த குரலில் முதல் பேச்சு:
"உப்பு இல்லை."

அதை எழுத ஒரு கட்டம் தேடினேன்,
படிவத்தில் இல்லை.
பம்ப்பை மறுபடி அறுபதுக்கு வைத்தோம்.
கால் ஸ்பூன் சாப்பாடு ஆகாது.