நாற்பது கேள்விகள்

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர் மாடியில்
நாற்பது கேள்வி கேட்டு
என்னை ஒரு கட்டத்துக்குள் போட்டார்கள்.
கூட்டத்தில் நீங்கள் பேச்சைத் தொடங்குவீர்களா?
இல்லை.
தெரியாத எண் அழைத்தால் எடுப்பீர்களா?
கொஞ்சம் யோசித்து, இல்லை.

"தேவனாம்பட்டினத்துப் பொண்ணுன்னா
குரல் கடல் தாண்டணுமே"
என்று தாள் கொடுத்தவர் சிரித்தார்.
அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வந்த முடிவு: உள்முக வகை.
உகந்தவை கணக்கு, நூலகம், ஆய்வுக்கூடம்.
மக்கள் தொடர்பு கூடவே கூடாது.
வீட்டில் ஊமைக்கோட்டான் என்பதைத்தான்
முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
மரியாதையாக அச்சடித்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலி பாடலீஸ்வரிக்கு
வெளிமுகம், விற்பனை.
அவள் இப்போது புதுச்சேரியில்
ரத்த வங்கியின் குளிர் அறையில்
பைகளுக்கு எண் ஒட்டுகிறாள்.
பைகளோடும் பேசுகிறாளாம்.

நான் மின்வாரியத்தில்
புகார் போன் எடுக்கிறேன்.

புயல் கரை கடந்த மூன்றாம் இரவு
தாழங்குடாவிலிருந்து ஒருவர்
என் பரம்பரையையே திட்டினார்.
பதில் பேசவில்லை; எனக்கு வராது.
திட்டு தீர்ந்து, மூச்சு வாங்கி,
அரிசி மூட்டை நனைந்ததைச் சொன்னார்.
அப்புறம், இருட்டில் குழந்தை
சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பதை.
"லைன்ல இருக்கியாம்மா?"
"இருக்கேன்."
"சரி, விடு. கம்பம் எப்ப நடுறாங்களோ நடட்டும்."

என்ன சொல்லிச் சமாளிக்கிறே என்றார் பொறியாளர்.
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்:
பத்தொன்பது நிமிடம்.
அதில் என்னுடையது ஒரு வார்த்தை.

இன்னமும் என் கைபேசியில்
தெரியாத எண் வந்தால்
அது அடித்து ஓயும்வரை
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.